வயிற்றைத் திறக்காமல் புற்றை எடுப்பது: எப்போது போதும், எப்போது போதாது

எண்டோஸ்கோபி அறையில் மருத்துவர் குழாயை வெளியே எடுத்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. இரைப்பையின் உட்சுவரிலிருந்து உரித்தெடுக்கப்பட்ட திசு உள்ளங்கையில் பாதிகூட இராது. நனைந்த வெற்றிலைத் துண்டு போலத் தானாகவே சுருண்டுகொள்ளும். அதை ரப்பர் பலகையிலோ தக்கையிலோ விரித்து, ஓரம் முழுவதும் மெல்லிய குண்டூசிகளால் குத்தி நிறுத்தி, உணவுக்குழாய்ப் பக்கம் எது, சிறுகுடல் பக்கம் எது என்று பலகையிலேயே குறித்து, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் அப்படியே மூழ்கவிடுகிறார்கள். ஆய்வகத்தில் அது சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீற்றுக் கீற்றாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு கீற்றும் நுண்ணோக்கியின் அடியில் பார்க்கப்படும். ஊசி குத்தாமல் அப்படியே புட்டியில் போட்டுவிட்டால் திசு சுருங்கி மடிந்து, ஓரம் எது, ஆழம் எவ்வளவு என்பது குழம்பிப்போகும். எத்தனை தேர்ந்த நோயியல் நிபுணரானாலும் அதன் பிறகு அதிலிருந்து நம்பத்தக்க பதில் சொல்ல இயலாது.

நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அந்நேரத்தில் சிகிச்சை முடிந்துவிட்டது. மருத்துவருக்கோ, தாம் செய்தது சிகிச்சையா அல்லது பெரிய அளவில் எடுத்த ஒரு பயாப்சி, அதாவது பரிசோதனைக்கான திசு, மட்டுமா என்பது ஆய்வக அறிக்கை வரும்வரை தெரியாது. உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் ஆரம்பநிலையில் இருக்கும் கட்டிகளை எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றும் முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கத்தியையும் கேமராவையும் வியந்து நின்றுவிடுகிறார்கள். இம்முறையை மருத்துவமாக நிலைநிறுத்தியது கத்தியைக் காட்டிலும், நிணநீர்க் கணுக்களைப் பற்றிய ஒரு நீண்ட, சலிப்பூட்டும் எண்ணிக்கை வேலைதான் என்பது என் எண்ணம்.

செரிமானப் பாதையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உணவு படும் உட்பக்கத்தில் சளிச்சவ்வு இருக்கிறது. அதன் அடிவிளிம்பில் ஒரு மெல்லிய தசை இழை ஓடுகிறது. அதற்குக் கீழே ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் பரவிய தளர்வான கீழடுக்கு. அதற்கும் அப்பால் குடலை அசைத்து உணவைத் தள்ளும் தடித்த தசை. புற்று ஏறத்தாழ எப்போதும் சளிச்சவ்வில்தான் தொடங்குகிறது. அங்கேயே இருக்கும்வரை அதை உரித்தெடுத்தால் போதும். கீழடுக்கில் இறங்கி நிணநீர்க் குழாய்க்குள் ஒரு சில செல்கள் நுழைந்துவிட்டாலோ, அவை சுவருக்கு வெளியே உள்ள கணுக்களில் போய்த் தங்கக்கூடும். எண்டோஸ்கோபியால் எட்ட முடியாத இடம் அது. உள்ளே எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும், கணுவில் நோய் தங்கியிருந்தால் அந்த வெட்டால் பயனில்லை. அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து இரைப்பையின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள கணுக்களையும் சேர்த்தே எடுத்து வந்ததற்குக் காரணம் இந்த அச்சம்தான்.

இந்தக் கேள்வி முதலில் கூர்மையடைந்தது ஜப்பானில். இரைப்பைப் புற்று மிகுந்த நாடு அது. உஜி தட்சுரோ என்ற மருத்துவரும் ஒலிம்பஸ் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து, விழுங்கக்கூடிய குழாயின் நுனியில் சிறு கேமராவைப் பொருத்தி 1950இல் இரைப்பையின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் கருவியை உருவாக்கினார்கள். ஆட்களைத் தேடித்தேடிப் பரிசோதித்ததால், அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் சிறிய, தட்டையான புற்றுகள் அகப்படத் தொடங்கின. 1962இல் ஜப்பானிய எண்டோஸ்கோபி சங்கம் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுக்கு இலக்கணம் வகுத்தது: சளிச்சவ்வையோ அதன் கீழடுக்கையோ தாண்டாத புற்று, கணுவில் பரவியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆரம்பநிலைப் புற்றே. 'கணுவில் பரவியிருந்தாலும்' என்ற பகுதிதான் பிற்காலத்துச் சிக்கலின் விதை. ஆரம்பநிலை என்று பெயர் பெற்ற எல்லாவற்றையும் எண்டோஸ்கோபியால் எடுத்துவிட முடியாது என்பது அந்த இலக்கணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் எவற்றை எடுக்கலாம்? அதற்கு ஒரே வழி, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களின் கணுக்களை எண்ணிப் பார்ப்பது. டோக்கியோவின் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஆரம்பநிலைப் புற்றுக்காக இரைப்பையையும் கணுக்களையும் அகற்றிக்கொண்ட 5,265 பேரின் பதிவுகளை கொட்டோடா என்பவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சளிச்சவ்வுக்குள் அடங்கிய, செல் அமைப்பு ஓரளவு ஒழுங்கு குலையாத வகைப் புற்று 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தால், அத்தகைய 1,230 பேரில் ஒருவருக்கும் கணுவில் பரவல் இல்லை. அதே வகைப் புற்றின் மேல் புண் இல்லையென்றால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 929 பேரில் ஒருவருக்கும் இல்லை. கீழடுக்கில் அரை மில்லிமீட்டருக்குள், அதாவது 500 மைக்ரானுக்குள் இறங்கி, குழாய்களுக்குள் நுழையாத சிறிய வகையில் 145 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இந்த மூன்று பூஜ்யங்களும் ஒரே எடையுடையவை அல்ல. 1,230 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால், உண்மையான அபாயம் அதிகபட்சம் ஆயிரத்தில் மூன்றைத் தாண்டாது என்று புள்ளியியல் சொல்கிறது. 145 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால், அது நூற்றுக்கு இரண்டரை வரைகூட இருக்கலாம். இரைப்பையை அகற்றும் அறுவைக்கே உயிரிழப்பு அபாயம் உண்டு; அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டிய நிலை, எடைக் குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை எல்லாம் உண்டு. அவற்றை ஒரு தட்டிலும் இந்தச் சிறு அபாயத்தை மறு தட்டிலும் வைத்துத்தான் முதலிரண்டு வகையினருக்கு எண்டோஸ்கோபி போதும் என்ற முடிவு பிறந்தது. பிற்காலத்தில் ஜப்பானில் 29 மருத்துவமனைகளில் 470 பேரை முன்கூட்டியே சேர்த்துத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் 97 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். எண்ணிக்கையின் வழியாக வந்த ஊகம் உண்மையிலும் நிலைத்தது.

ஆழத்தின் இந்த எல்லை உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. கீழடுக்கில் இறங்கிய புற்றுக்கு இரைப்பையில் 500 மைக்ரான் என்றால், பெருங்குடலில் 1,000 மைக்ரான் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். உணவுக்குழாயில் 200 மைக்ரானையே மேலோட்டமான இறக்கத்தின் எல்லையாகக் கொண்டாலும், அந்த அளவு இறங்கியதையே கவலையோடுதான் பார்க்கிறார்கள். பெருங்குடலின் சளிச்சவ்வில் நிணநீர்க் குழாய்கள் அரிது. அதனால் அங்கே சளிச்சவ்வைத் தாண்டாத கட்டி கணுவுக்குப் போவதில்லை. உணவுக்குழாயிலோ அவை சளிச்சவ்வின் அடிவரை செறிந்து, நீளவாக்கில் கழுத்து வரைக்கும் வயிறு வரைக்கும் ஓடுகின்றன. 'ஆரம்பநிலையில் பிடித்துவிட்டோம்' என்று மூன்று நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தாலும், மூவருக்கும் அதன் பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி கருவிகள். காம்புள்ள பாலிப்பை, அதாவது உட்சுவரில் முளைக்கும் சதைக்கட்டியை, சுருக்குக் கம்பியால் பிடித்து மின்சாரத்தால் அறுத்தெடுக்கும் முறையை 1969இல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஷின்யா ஹிரோமியும் வில்லியம் உல்ஃபும் பெருங்குடலில் செய்து காட்டினார்கள். அதற்கு முன் ஒரு பாலிப்புக்காகவே வயிற்றைத் திறந்து குடலைக் கீற வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் அந்த மாற்றத்தின் அளவு புரியும். காம்பில்லாமல் பாய் விரித்தாற்போல் கிடக்கும் கட்டியைச் சுருக்கால் பிடிக்க முடியாது. பிடித்தாலும் தசையையும் சேர்த்து இழுத்துத் துளை விழும். அதற்கு விடையாக, கீழடுக்கில் ஊசியால் உப்புநீர் செலுத்தி, எண்ணெயில் பூரி உப்புவதைப் போலச் சளிச்சவ்வை மட்டும் மேலே எழும்பச் செய்து, பிறகு சுருக்கிட்டு அறுக்கும் முறை வந்தது. இரைப்பைப் புற்றுக்கு அதை ஜப்பானியர்கள் 1984இல் விவரித்தார்கள். இன்று இ.எம்.ஆர். என்று வழங்குவது இதைத்தான்.

இ.எம்.ஆரின் எல்லை சுமார் 2 சென்டிமீட்டர். அதைவிடப் பெரியதைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். நொறுங்கிய அப்பளத்தின் துண்டுகளைப் பார்த்து முழு அப்பளத்தின் விளிம்பு எங்கே இருந்தது என்று சொல்ல முடியாததைப் போல, துண்டுகளை வைத்துக்கொண்டு புற்று ஓரத்தைத் தொட்டதா, எங்கே எவ்வளவு ஆழம் இறங்கியது என்று நோயியல் நிபுணரால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. துண்டுகளுக்கு இடையே ஒரு திட்டு எஞ்சிப்போய் அதே இடத்தில் மீண்டும் வளர்வதும் உண்டு.

முழுதாக ஒரே துண்டில் எடுக்க வேண்டும் என்ற அவசியம்தான் 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தில் ஒரு விசித்திரமான கத்தியை உருவாக்கியது. ஊசி போன்ற மின்கத்தியின் நுனியில், சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள பீங்கான் உருண்டையைப் பொருத்தினார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது. எனவே நுனி தசையில் இடித்தாலும் துளைக்காது, பக்கவாட்டு மட்டுமே வெட்டும். கத்தியின் கூர்மையைக் கூட்டாமல் நுனியை மழுங்கடித்தே ஒரு சிகிச்சையைச் சாத்தியமாக்கிய இந்த யோசனை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. கீழடுக்கின் வழியே வெட்டிக் கட்டியை ஒரே துண்டாக உரித்தெடுக்கும், இவ்வாறு வளர்ந்த முறைக்கு இ.எஸ்.டி. என்று பெயர். ஜப்பானின் அரசுக் காப்பீடு இரைப்பைக்கு 2006இலும், உணவுக்குழாய்க்கு 2008இலும், பெருங்குடலுக்கு 2012இலும் இதை ஏற்றது. இந்த வரிசையே ஒவ்வோர் உறுப்பிலும் அது எவ்வளவு கடினம் என்பதற்குச் சாட்சி. பெருங்குடலின் சுவர் மெல்லியது, வளைவுகள் அதிகம், துளை விழுந்தால் வயிற்றுக்குள் மலம் கசியும் அபாயமும் உண்டு.

செய்முறையை அருகிலிருந்து பார்ப்பவருக்கு அதன் நிதானம்தான் முதலில் தென்படும். நீலச் சாயம் தெளித்தோ, குறிப்பிட்ட அலைநீள ஒளியில் பெரிதாக்கிப் பார்த்தோ புற்றின் விளிம்பைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் வெளியே, கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல, மின்கத்தியின் நுனியால் சுற்றிலும் சுட்டுச்சுட்டுப் புள்ளியிடுகிறார்கள். பிறகு புள்ளிகளுக்கு அடியில் சாயம் கலந்த திரவத்தை ஏற்றுகிறார்கள். வெறும் உப்புநீர் விரைவில் வடிந்துவிடும் என்பதால், நீண்ட நேரம் தங்கும் ஹயலுரானிக் அமிலக் கரைசலைப் பலர் விரும்புகிறார்கள். புள்ளிகளுக்கு வெளியே வட்டமாகச் சளிச்சவ்வைக் கீறி, எண்டோஸ்கோப்பின் நுனியில் மாட்டிய கண்ணாடி போன்ற தொப்பியை அந்தக் கீறலின் அடியில் நுழைத்தால், கீழடுக்கு நீலச் சாயம் ஊறிய பஞ்சு இழைகளைப் போலத் திரையில் தெரிகிறது. அந்த நீல இழைகளை மட்டுமே வெட்டிக்கொண்டு போக வேண்டும். குறுக்கே வரும் ரத்தக்குழாயை வெட்டுவதற்கு முன்பே சுட்டு அடைக்க வேண்டும். வெண்மையாகத் தசை தெரிந்துவிட்டால் கை தானாக நிற்க வேண்டும். இரைப்பையில் சிறியது ஒரு மணி நேரத்தில் முடியலாம். பெருங்குடலில் பெரியது மூன்று மணி நேரத்தைத் தொடலாம்.

நீல இழை தெரியாத இடமே இந்த வேலையின் பெரும் எதிரி. புற்று ஆழமாக இறங்கியிருந்தாலும், பழைய தழும்பு இருந்தாலும் ஊசி போட்டபோது கட்டி மேலே எழும்பாது. இங்கே ஒரு நடைமுறை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பெருங்குடலில் பெரிய தட்டையான கட்டியைக் காணும் முதல் மருத்துவர், நல்லெண்ணத்தோடுதான், அதன் நடுவிலிருந்து நாலைந்து பயாப்சி எடுப்பதும், சுருக்குக் கம்பியால் பாதியை அறுத்துப் பார்த்துவிட்டு மீதியை வேறிடத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. அந்தக் காயங்கள் ஆறும்போது கீழடுக்கு தழும்பாக இறுகி, அடுத்து வருபவருக்கு வெட்டுவதற்குத் தளமே இல்லாமல் போகிறது. கட்டியின் மேற்பரப்பில் உள்ள நுண்துளைகளின் வடிவத்தையும் ரத்தக்குழாய்களின் ஒழுங்கையும் பெரிதாக்கிப் பார்த்தே பெரும்பாலானவற்றின் தன்மையை ஊகிக்க முடிகிற இக்காலத்தில், தெளிவான படங்களை எடுத்துவைத்துவிட்டுக் கை வைக்காமல் அனுப்புவதே பல நேரங்களில் அந்த நோயாளிக்குச் செய்யக்கூடிய பேருதவி.

அபாயங்களில் முக்கியமானவை இரண்டு: ரத்தக்கசிவும் துளையும். இரைப்பையில் உரித்தெடுத்த இடம் அகன்ற புண்ணாக மாறி, அமிலத்தை அடக்கும் மருந்துகளின் துணையோடு சுமார் எட்டு வாரங்களில் ஆறுகிறது. அதன் முதல் சில நாட்களில், சிலருக்குச் சற்றுப் பின்னரும், ரத்தம் கசிந்து கருமலமாகப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். துளையைப் பெரும்பாலும் உடனே கிளிப் போட்டு மூடிவிட முடிகிறது. வயிற்றுக்குள் கசிந்தாலும் உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காகவே காற்றுக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். உணவுக்குழாயில் வேறொரு தொல்லை: சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் உரித்தால், ஆறும்போது குழாய் சுருங்கிச் சோறு இறங்காமல் போகும். அதைத் தடுக்க ஸ்டீராய்டை அந்த இடத்திலேயே ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இ.எஸ்.டி.யால்தான் எடுக்க வேண்டும் என்ற ஜப்பானிய ஆர்வத்தை மேற்கத்திய மருத்துவர்கள் அப்படியே ஏற்கவில்லை, குறிப்பாகப் பெருங்குடலில். அங்கே காணப்படும் பெரிய தட்டைக் கட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் புற்றாக மாறாதவை. அவற்றுக்கு ஆழத்தை அளக்கும் அவசியமே இல்லை. துண்டு துண்டாக எடுத்தபின் வெட்டிய விளிம்பைச் சுருக்குக் கம்பியின் நுனியால் மெதுவாகச் சுட்டுவிட்டால், மறுவளர்ச்சி 21 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைவதை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் போர்க்கின் குழுவினர் 2019இல் காட்டினார்கள். அரை மணி நேரத்தில் முடியக்கூடியதற்கு மூன்று மணி நேரம் எதற்கு என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் வலுவாக இருக்கும் கட்டிகளுக்கு மட்டும் ஒரே துண்டாக எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆய்வக அறிக்கை வந்தபின் என்ன? ஓரங்கள் சுத்தம், ஆழம் எல்லைக்குள், நிணநீர்க் குழாயிலோ ரத்தக்குழாயிலோ செல்கள் இல்லை, செல் வகையும் ஒழுங்கு குலையாதது என்றால் சிகிச்சை நிறைவு. இவற்றில் ஒன்று தவறினால், விளிம்பில் மட்டும் ஐயம் இருக்கும் சில இரைப்பைக் கட்டிகளைத் தவிர, அறுவையே பரிந்துரைக்கப்படும். ஆனால் அப்படிப் பரிந்துரைக்கப்படுபவர்களிலும் பத்தில் ஒன்பது பேரைப் போல் கணுவில் நோயில்லாதவர்களே. யாருக்கு அறுவை உண்மையிலேயே தேவை என்று பிரிக்க இரைப்பைப் புற்றுக்கு ஜப்பானியர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள்: குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கும், நடுத்தர நிலையில் 6.7 விழுக்காட்டினருக்கும், மிகுந்தவர்களில் 22.7 விழுக்காட்டினருக்கும் கணுவில் பரவல் இருந்தது. ஐம்பது வயதுக்காரருக்கும் எண்பத்தைந்து வயது இதய நோயாளிக்கும் இந்த 6.7 ஒரே செய்தியைச் சொல்வதில்லை. அறிக்கையில் இந்த விவரங்கள் இருக்கின்றனவா, இல்லை 'புற்று, முழுதும் அகற்றப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிகிறதா என்று நோயாளியின் குடும்பம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனையும் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டவர்களுக்குத்தான். கொரியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை அரசே இரைப்பைப் பரிசோதனைக்கு வழிசெய்கிறது. நம்மிடம் அத்தகைய திட்டம் இல்லை. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்னணியில் இருந்துவருகிறது. வருபவர்களில் பலர் எடை இறங்கி, சாப்பிட்டது வெளியே வரத் தொடங்கிய பிறகே வருகிறார்கள். நடுவில் பல மாதங்கள் 'கேஸ் பிரச்சினை' என்று அமில மாத்திரையில் கழிந்திருக்கும். ஆரம்பநிலைப் புற்றின் மேலுள்ள புண்கூட அந்த மாத்திரையால் தற்காலிகமாக ஆறி, வலியும் அடங்கிவிடுவது உண்டு. ஆறியது புண்தான், புற்று அங்கேயே இருக்கிறது.

கடைசியாக, இரைப்பை முழுதாக உள்ளே இருக்கிறது என்பது இந்தச் சிகிச்சையின் பெருமை; அதன் பாரமும் அதுவே. புற்று தோன்றக் காரணமான நாட்பட்ட அழற்சி மற்ற இடங்களிலும் இருப்பதால், வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கலாம். எண்டோஸ்கோபியால் புற்றை எடுத்துக்கொண்ட 544 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு, அந்த அழற்சியை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க மருந்து கொடுத்த ஜப்பானிய ஆய்வு 2008இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் மருந்து பெறாதவர்களில் 24 பேருக்குப் புதிய புற்று தோன்றியது, மருந்து பெற்றவர்களில் 9 பேருக்கு. கிருமியை ஒழிப்பது கட்டாயமானது அந்த 24ஆல்; ஒழித்த பிறகும் ஆண்டுக்கொரு முறை குழாயை விழுங்க வேண்டியிருப்பது இந்த 9ஆல். அப்படி வரும்போது கேமரா முதலில் பழைய இடத்துக்குப் போகிறது. மடிப்புகள் வெண்மையான ஒரு தழும்பை நோக்கிக் கூடி நிற்கும் அந்த இடத்தைப் பார்க்கச் சில நொடிகள் போதும். மீதி நேரமெல்லாம் இதுவரை எதுவும் இல்லாத இடங்களைப் பார்ப்பதற்கு.